எடுக்காத பொட்டலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைக் கடைக்குச் சாமான் பட்டியலும், அர்ச்சனைச் சீட்டில் ராசி நட்சத்திரமும்தான். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். மறந்தால் தேவலை என்று நினைக்கிற விஷயம் மட்டும் மறப்பதில்லை. முன்பின்னாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பகலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளுடைய பழைய கல்லூரி நோட்டில் பின்பக்கம் வெற்றுத்தாள் நிறைய இருந்தது. வாயால் சொல்லத்தான் முதலில் பார்த்தேன். திங்கட்கிழமை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"வெரசாச் சொல்லும்மா, பஸ்ஸு வந்துரும்."

"மோர தனி டப்பாவுல ஊத்தி வச்சிருக்கேன். சாஞ்சு கொட்டிராம பாத்துக்க."

"இதுக்குத்தானா இம்புட்டு பீடிகை?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். நாங்கள் திருவண்ணாமலை என்று சொன்னால் அது வடக்கே தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை. எங்கள் ஊரை ஒட்டிக் குன்றின்மேல் பெருமாள் நிற்கிறாரே, அந்தத் திருவண்ணாமலை. எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அதன் அடிவாரத்தில் சினிமா எடுக்க வந்தார்கள். குளத்துப் படியில் குடத்தோடு நிற்கப் பத்துப் பெண்கள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். என் அம்மா போனாள். நானும் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

எங்களைப் படியில் வரிசையாக நிறுத்தினார்கள். நடுப்பகல் வெயில். ஒரு பெரிய வெள்ளைத் துணியை நாலு பேர் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்கள். அவ்வளவுதான், அந்த இடத்தில் மட்டும் சாயங்காலம் வந்துவிட்டது. தினம் துணி துவைக்கிற படிதான் அது. அன்றைக்கு அது எங்கள் ஊர்ப் படி இல்லை. என்னவோ நடக்கப்போகிற படி மாதிரி இருந்தது.

"பாப்பா, அந்தக்கா கூப்பிடும்போது நீ மட்டும் திரும்பிப் பாரு, போதும்" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. எனக்குத் திரும்ப ஆசை. கழுத்துத்தான் திரும்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். என் அம்மா பக்கத்திலிருந்து, "திரும்பேன்டி மூதேவி, ஒன்னை என்ன கடிச்சா திங்கப்போறாக" என்று பல்லைக் கடித்தாள். கடைசியில் படம் எடுக்கிற பெரிய ஆள் கையைக் காட்டி, "அது அப்படியே நிக்கட்டும், விடுங்க. முதுகு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, வேறொரு பெண்ணைத் திரும்பச் சொன்னார்.

படம் வந்தபோது மூன்று முறை பார்த்தேன். ஒரு முறை அம்மாவோடு. மற்ற இரண்டு முறையும் மாவு திரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. நான் இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குத்தான் வந்தேன். கனகாம்பரம் வைத்த சடையும் முதுகும். பக்கத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். அவள் முகம் எனக்கு இன்றைக்கும் அச்சு அசலாக ஞாபகம் இருக்கிறது. அவள் திரும்பியது என்னுடைய திரும்பல் அல்லவா என்று தோன்றும். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். அதற்கு முன்பிருந்தே நான் காஸ் துணி மடிக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைத்துக் கட்டுகிற மெல்லிசு வலைத்துணிதான் காஸ். வெட்டி வந்த துணியை மடித்து அடுக்க வேண்டும். ஓரத்து நூல் பிசிறு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருஷம் மடித்தேன். நான் மடித்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது முன்னால் மடித்தது, எது பின்னால் மடித்தது என்று எனக்கே தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கை பின்னால் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

மகள் கல்லூரிக்குப் போனதும் சினிமாக் கிறுக்குப் பிடித்தது. நடிக்கிற கிறுக்கு இல்லை, எடுக்கிற கிறுக்கு. ஒரு படம் பார்த்தால் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். "இங்க பாரும்மா, கதவு சாத்துனதக் காமிக்கல. சத்தம் மட்டும்தான். ஆனா சாத்துனது தெரியுதுல்ல?" என்பாள். ஒரு நாள் கைபேசியோடு எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். எங்கள் கூட்டத்துக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

"ஏட்டி, என் மூக்குத்தி தெரியுதான்னு பாரு" என்றாள் ஒருத்தி.

"மூக்குத்தி கெடக்கட்டும், மூக்கு அடங்குதான்னு பாருட்டி" என்றாள் எங்கள் தெருவில் இருக்கிற தெலுங்குக்காரத் தங்கச்சி. பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தவள்.

"என் மூஞ்சிய மட்டும் எடுத்திராத" என்றேன் நான்.

"ஒன் மூஞ்சி எனக்கு வேண்டாம்மா. கையக் காமி" என்றாள் மகள்.

அதைக் கல்லூரி விழாவில் பெரிய திரையில் போட்டார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நான் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக உட்கார்ந்தேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மின்விசிறிச் சத்தமும், துணி மடிகிற சத்தமும்தான். இரண்டு கை வந்தது. யாரோ நல்ல வேலைக்காரி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் இடதுகைச் சுண்டுவிரலில் பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது. நான்தான். அந்தக் கை காஸ் மடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதே கை வீட்டில் அவளுக்குச் சோறு பிசைந்தது. அதை எப்போது எடுத்தாள் என்றே எனக்குத் தெரியாது. அப்புறம் மறுபடியும் காஸ். முடிந்ததும் விளக்கு வருவதற்கு முன்பே கைதட்டினார்கள்.

அவள் இருட்டில் வரிசை வரிசையாகத் தாண்டி என்னிடம் வந்து, காதுக்குள், "எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"வெளக்கப் போடச் சொல்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

நல்லா இருக்கு என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைப் பார்த்த வாத்தியாரம்மா ஒருவர் சென்னையில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்புக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். போட்டாள். எழுத்துத் தேர்வு எழுதினாள். நேர்முகத்துக்கு, கூடப் படித்த பெண்ணின் அப்பா அம்மாவோடு போய் வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. கடிதம் கைபேசியில்தான் வந்தது. அதை நான் பார்க்க வேண்டுமென்று பக்கத்துக் கடையில் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

செய்தி தெரிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? சினிமாவுக்குப் போனவன்லாம் அங்க ரூமுல பட்டினி கெடக்கான். ஆம்பளைகளுக்கே அந்தக் கதி."

"மாமா, நீங்க மெட்ராஸுக்கே போனதில்லயே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"ஏன், சினிமாவுலதான் காமிக்கான்ல!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "பொறவு எவன் பொண்ணு கேட்டு வருவான்? நீ யோசிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. எல்லாரிடமும் நான் அண்ணன் சொன்னதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் அது இல்லை. அப்பா இல்லாத வீட்டில் இவளும் போய்விட்டால் நான் யாருக்குச் சோறு பிசைவது என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. கூப்பிட்டபோது நான் திரும்பவில்லை. இவள் கூப்பிட்டதும் திரும்புகிறாள், கழுத்தில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் திரும்புகிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளைமேல் பொறாமை என்று எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு சொல் எனக்குத் தெரியாது.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"சரிம்மா, நீ எந்தக் காரியத்துக்கும் பூக்கட்டித்தானே பாப்ப? பாத்திருவோம். வெள்ளை வந்தா நீ மனசார என்னை அனுப்பணும். செவப்பு வந்தா நான் இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியே வித்தியாசம் தெரியாதபடி கட்டி, சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். மகளுக்கு அதில் பாதி நம்பிக்கை, பாதி விளையாட்டு. ஆனால் சாமி தனக்குத் தரும் என்று முழுசாக நம்பினாள். அவள் முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தினசரிக் காலண்டரில் கிழித்த இரண்டு தாள்களை எடுத்து வைத்தேன். அச்சு உள்ளே போகும்படி மடித்தால் வெளியே வெள்ளையாக இருக்கும், இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரு கிண்ணத்தில் நந்தியாவட்டை. ஒரு கிண்ணத்தில் செவ்வரளி. முதல் தாளில் அரளியை வைத்து மடித்தேன். இரண்டாவது தாளுக்கு நந்தியாவட்டையைத்தான் எடுத்தேன். எடுத்த கை அதைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டது. இரண்டாவதிலும் அரளியை வைத்து மடித்தேன். ஓரம் பிசிறு தெரியாமல், மூலை நாலும் உள்ளே செருகி, வழக்கம்போல. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடிந்துவிட்டது. மீதி இருந்த வெள்ளைப் பூவைச் சாமி படத்துக்கு வைத்தேன். அதையும் செய்தேனே, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் பூசாரி தட்டில் வைத்துத் தீபம் காட்டி, ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் பிரித்தாள். சிவப்பு. பிறகு பூசாரியைப் பார்த்து, "சரி, அவ்வளவுதான்" என்றாள், பஸ் போய்விட்டது என்கிற மாதிரி.

தட்டில் மற்றப் பொட்டலம் கிடந்தது. அவள் அதற்குக் கையை நீட்டினாள். "அதுலதானே வெள்ள இருக்கு. பாவம், அதயும் பாத்துக்கிடுவோம்."

நான் அவளுக்கு முன்னால் அதை எடுத்துவிட்டேன். "எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுட்டி. சாமி குத்தம்."

அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது. பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். கிணற்றில் போடலாம் என்று போனேன். அம்மன் காலில் வைத்ததைப் போடக் கை வரவில்லை. ஒரு துண்டு காஸ் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. இடம் கிடைத்த கடிதத்தை நான் ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, கேட்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிச் சேர்க்கிற வேலை. எட்டு வருஷம் ஆகிறது. அண்ணன் சொன்ன பெண் கேட்கிற கூட்டம் நாலைந்து தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போனது. எதுவும் கூடவில்லை. சினிமாவுக்குப் போனால் கல்யாணம் நடக்காது என்றார்கள். போகாமலும் நடக்கவில்லை.

அவள் சேர்த்த கல்யாண வீடியோக்களில் ஒன்றிரண்டை எனக்குக் காட்டியிருக்கிறாள். தாலி கட்டுகிறபோது எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைத்தானே காட்டுவார்கள். இவள் பெண்ணுடைய அப்பா பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதைக் காட்டியிருந்தாள். மேளச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கிறது. அந்த வீட்டார் வந்து சண்டை போட்டார்களாம், தாலி கட்டியது எங்கே என்று. மாற்றிக் கொடுத்துவிட்டாள். பழையதைத் தனக்கென்று வைத்திருக்கிறாள்.

ஒரு தடவை, ஸ்டூடியோவில் கூட வேலை செய்கிற சின்னப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். "அக்கா, இம்புட்டு தெரிஞ்சு வச்சிட்டு நீங்க ஏன் சினிமாவுக்குப் போகல?" என்று கேட்டாள்.

"இடமே கெடச்சது. சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு" என்றாள் மகள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உயரம் போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு பொட்டலத்தயும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"எடுக்காதத பிரிக்கக் கூடாது. சாமி குத்தம்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் என் பிள்ளையை ஏமாற்றினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மன் வாயிலும் பொய்யை வைத்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் போக எனக்குக் கால் வருவதில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு படம் எடுக்க வந்தார்கள். இந்த ஊர் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வேண்டும் என்று ஸ்டூடியோவில் கேட்க, இவளை அனுப்பினார்கள். ஆறு நாள். அந்தப் படத்தின் இயக்குநர் ஒரு பெண்பிள்ளை. ஆறாம் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, தலையெல்லாம் செம்மண். கைகூடக் கழுவாமல் பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒரு தோப்பு கேட்டாங்க, காமிச்சேன். சாயங்கால வெளிச்சம் வேணும்னாங்க. இங்க மலை மறைச்சிரும், நாலரைக்கே வெளிச்சம் போயிரும், காலையிலயே எடுத்துருங்கன்னேன். அப்படியேதாம்மா எடுத்தாங்க! பொறவு அவிய எங்கிட்ட கேக்காக, இந்த எடத்துல அவ நின்னு அழணுமா, நடந்துக்கிட்டே அழணுமான்னு. எங்கிட்ட!"

"நீ என்ன சொன்ன?"

"அழவே வேண்டாம், கொடத்த எறக்கி வைக்கட்டும், போதும்னேன்."

அவள் இவ்வளவு பேசி நான் எட்டு வருஷமாகக் கேட்டதில்லை. சோறு ஆறிப்போயிற்று. நான்தான் பிசைந்து அவள் வாயில் உருட்டி வைத்தேன். முப்பது வயதை நெருங்கிவிட்டாள், வாங்கித் தின்றுகொண்டே பேசினாள். அந்த இயக்குநர், வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து சென்னைக்கு வந்து தனக்கு உதவி இயக்குநராக இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கேட்டதைச் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆனா, சாமி அன்னைக்கே சொல்லிருச்சுல்லம்மா" என்றாள். "சொன்னத மீறிப் போய் ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? ஒனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "இன்னொரு தடவ பூக்கட்டிப் பாப்பமாம்மா? வார வெள்ளிக்கெழம. நீயே கட்டு. நீ மடிச்சாத்தான் ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும்."

முதலில் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துவிட்டால் ஆயிற்று. அவளும் போய்விடுவாள், எனக்கும் பாவம் தீர்ந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைத்துக்கொண்டு மறுநாள் தெலுங்குக்காரத் தங்கச்சி வீட்டுக்குப் பூ கேட்டுப் போனேன். அவள் வீட்டு வாசலில்தான் நந்தியாவட்டை நிற்கிறது.

"ஏமிக்கா, மொகம் இப்படி வாடிக் கெடக்கு?" என்றாள்.

பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஏன்ட்டி, பூக்கட்டிப் பாக்கும்போது ஒருத்தி ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவ வச்சிட்டான்னா என்ன ஆகும்?"

அவள் சிரித்துவிட்டாள். "பொறவு அங்க சாமிக்கு என்னக்கா வேல? அவளே வாயத் தொறந்து சொல்லிற வேண்டியதுதான?"

அவள் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னாள். எனக்குப் பூப்பறிக்கக் கை எழவில்லை. வெள்ளையை இரண்டிலும் வைத்தால் அதுவும் அதே காரியம்தானே. இந்தத் தடவையும் அம்மன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், அம்மன் மேல் போட்டுச் சொல்கிறேன். சென்னையில் இவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால், சாமி சொல்லித்தானே வந்தோம் என்று தாங்கிக்கொண்டு கிடப்பாள். திரும்பி வர வேண்டிய நேரத்திலும் வர மாட்டாள். நேர்மையாக ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைக்கலாம் என்றாலோ, அதில் சிவப்பு வந்துவிட்டால்? முதல் தடவை சாமியைக் கேட்கவே இல்லை என்பது தெரியாமல், இரண்டாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று எண்ணி, இவள் ஆயுசுக்கும் உட்கார்ந்துவிடுவாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் பொட்டலம் கட்டப்போவதில்லை. காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது இந்த நோட்டையும், டிரங்குப் பெட்டியில் இருக்கிற பழைய பொட்டலத்தையும் அவள் மடிக்கணினிமேல் வைத்துவிட்டு, நான் கோயில் வாசலில் போய் நிற்பேன். படித்த பிறகு அவள் என்னைத் திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும். அதற்கு அவளுக்கு நியாயம் உண்டு. சென்னைக்குப் போகிறாளா, வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். என் ஆசை எது என்று கேட்டால், போகட்டும் என்பதுதான். இதை எந்தப் பூவையும் நடுவில் வைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு இருட்டில் என் காதுக்குள் கேட்டாளே, அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். நல்லா இருந்தது. அவ்வளவு நல்லா இருந்தது.

அவளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இதில் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லாதவை நிறைய. அந்தப் படிப்பின் பெயர் என்ன, அது எத்தனை வருஷப் படிப்பு, நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் அன்றைக்கு அவள் என்ன நிறத் தாவணி போட்டிருந்தாள், தாவணிதானா சுடிதாரா என்பதும் மறந்துவிட்டது. கல்லூரியில் போட்ட படத்தில் சோறு பிசைகிறது முதலில் வந்ததா, நடுவில் வந்ததா என்றும் சந்தேகமாக இருக்கிறது. பூக்கட்டிப் பார்த்த தேதியும் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒன்றிரண்டு நாள் முந்தின தேதி பொட்டலத்துக் காலண்டர் தாளின் உள்பக்கம் அச்சாகி இருக்கும். பூ இந்நேரம் கறுத்துப் பொடியாகியிருக்கலாம். இருந்தாலும் அரளி இதழுக்கும் நந்தியாவட்டை இதழுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். பிரித்தால் குற்றம் ஒன்றும் இல்லை. அவளே பிரித்து, பார்த்து, நான் எழுதியது சரிதானா என்று சரிபார்க்க வேண்டும். தப்பு இருந்தால் பக்கத்தில் திருத்தி எழுதட்டும்.